பெயரில்லாத பையன்

கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓர் ஆங்கில ஒப்புவித்தல் போட்டியில் பேர் கொடுத்தேன். எனக்கு விழுந்தது ஷேக்ஸ்பியரின் 'ஐந்தாம் ஹென்றி'. பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த அஜின்கோர் போருக்கு முன்னால் இங்கிலாந்து அரசன் தன் ஆட்களிடம் பேசும் அந்தப் புகழ்பெற்ற பேச்சு. பயிற்சி கொடுத்த ஆசிரியர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "கடைசி பெஞ்சுக்குக் கேக்கணும்ப்பா. ராஜா பேசறான். நீ என்னமோ பால்காரன்கிட்ட கணக்குக் கேக்கற மாதிரி பேசற." அதனால் கத்தினேன். மைக் அன்றைக்கென்று மக்கர் செய்தது, இன்னும் கத்தினேன். 'நாம் சிலர், கொடுத்துவைத்த சிலர், உடன்பிறந்தார் கூட்டம்' என்கிற இடத்துக்கு வரும்போது தொண்டை கட்டிக்கொண்டு சேவல் கூவுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அரங்கமே சிரித்தது. ஆறுதல் பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். இன்னும் வீட்டில் இருக்கிறது, பல் துலக்கும் பிரஷ்களைத் தாங்கிக்கொண்டு.

பல வருடம் கழித்து அதே பேச்சை ஆங்கில நடிகர் டாம் ஹிடில்ஸ்டன் ஒரு படத்தில் பேசக் கேட்டபோது மடிக்கணினியில் ஒலியைக் கூட்ட வேண்டியிருந்தது. அவ்வளவு மெதுவாகப் பேசுகிறார். எதிரே படை இல்லை. தன் தளபதிகள் கொஞ்சம் பேரைச் சுற்றி வைத்துக்கொண்டு, ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குக் கண்ணை நகர்த்தி, சாகப் போகிறவர்களிடம் பேசுவதுபோலப் பேசுகிறார். ராஜா பால்காரனிடம் கணக்குக் கேட்கும் குரலில்தான் பேசியிருக்கிறார். என் ஆசிரியரிடம் காட்ட வேண்டும் என்று தோன்றியது.

இது பிபிசி 2012 ஜூன், ஜூலை மாதங்களில் ஒளிபரப்பிய 'தி ஹாலோ கிரவுன்' வரிசையின் நான்காவது படம். லண்டன் ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த கலைவிழாவின் பகுதியாக ஷேக்ஸ்பியரின் நான்கு வரலாற்று நாடகங்களைத் தொலைக்காட்சிப் படங்களாக எடுத்தார்கள். 'இரண்டாம் ரிச்சர்ட்', 'நான்காம் ஹென்றி' இரண்டு பாகங்கள், கடைசியாக 'ஐந்தாம் ஹென்றி'. சனிக்கிழமைக்கு ஒன்றாக நான்கு வாரம். கடைசிப் படத்தை இயக்கியவர் தியா ஷாராக். அது ஜூலை 21 அன்று வந்தது. மற்ற மூன்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. பென் விஷா நடித்த 'இரண்டாம் ரிச்சர்ட்'தான் நாலில் சிறந்தது என்று ஊரே சொல்கிறது, நானும் சொல்கிறேன், அது அங்கே இருக்கட்டும். என்னைத் திரும்பத் திரும்ப இழுப்பது குறையுள்ள இந்த நான்காவது படம்தான்.

போர் நாடகம் என்பதே ஒரு வேடிக்கையான காரியம். இந்த நாடகத்தின் முதல் வரிகளே மன்னிப்புக் கேட்கின்றன. கோரஸ் என்று ஒருவன் வந்து நின்று, 'இந்தச் சேவல்கட்டுக் களத்துக்குள் பிரான்சின் அகன்ற வயல்வெளி அடங்குமா? குதிரை என்று நாங்கள் சொன்னால் அது குளம்பை மண்ணில் பதிப்பதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்கிறான். நம் கூத்தில் கட்டியங்காரன் முன்னால் வந்து நின்று சபையோடு பேச்சுக் கொடுப்பான் இல்லையா, கிட்டத்தட்ட அந்த வேலை. 1599இல் எழுதிய நாடகம். துருப்பிடித்த நாலைந்து கத்திகளை வைத்துக்கொண்டு அஜின்கோர் என்கிற பெயரையே அவமானப்படுத்தப்போகிறோம் என்று கோரஸே பின்னால் ஒருமுறை புலம்புகிறான்.

சினிமாவுக்கு இந்தப் புலம்பல் தேவையில்லை. அதனிடம் நிஜக் குதிரைகள் உண்டு. இதே நாடகத்தைப் படமாக்கிய நடிகர் லாரன்ஸ் ஒலிவியே, இரண்டாம் உலகப் போர் நடக்கும்போதே, நடுநிலை நாடான அயர்லாந்துக்குப் போய், உள்ளூர்க்காரர்களை வீரர்களாக நிறுத்தி, பளபளவென்ற டெக்னிகலரில் அஜின்கோரை எடுத்தார். 1944இல் வெளிவந்தது. வில்லியம் வால்ட்டன் இசையோடு பிரெஞ்சுக் குதிரைப்படை மெல்ல நடந்து, ஓடி, பாயும் அந்தக் காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் நெஞ்சு விம்மும். கென்னத் பிரானா 1989இல் எடுத்த படத்தில் வெயில் இல்லை, சேறும் மழையும்தான். தொலைக்காட்சிக்குப் பெரிய திரையும் இல்லை, அந்தப் பணமும் இல்லை. ஷாராக்கின் அஜின்கோரில் ஆள் பற்றாக்குறை அப்பட்டமாகத் தெரிகிறது. ஆக, நானூறு வருடம் தாண்டி வந்தும் கோரஸின் மன்னிப்பு இந்தச் சின்னப் பெட்டிக்கு அப்படியே பொருந்துகிறது.

ஷாராக் செய்த புத்திசாலித்தனம், இல்லாததைப் பற்றிக் கவலைப்படாமல் பெட்டியிடம் இருப்பதைப் பயன்படுத்தியது. அதனிடம் இருப்பது முகம். அதனால்தான் அந்தக் கிசுகிசுப்பு. ஹார்ஃப்ளர் என்கிற பிரெஞ்சுத் துறைமுக நகரின் முற்றுகையில் 'இன்னொரு முறை மதில் உடைப்புக்குள் பாய்வோம், நண்பர்களே' என்கிற முழக்கம்கூட, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சிலரிடம் சொல்வதாகத்தான் வருகிறது. மேடையில் இதைச் செய்ய முடியாது. கடைசி பெஞ்சு கோபித்துக்கொள்ளும்.

படம் திறப்பதே சவ ஊர்வலத்தில். நாடகத்தில் இல்லாதது. ஐந்தாம் ஹென்றி 1422 ஆகஸ்ட் 31 அன்று பாரிஸுக்கு அருகே வின்சென்னில் செத்துப்போனான். வயது முப்பத்தைந்து. காரணமாக வழக்கமாகச் சொல்லப்படுவது சீதபேதி. 1415இல் ஹார்ஃப்ளரில் அவன் படையைத் தின்றதும் அதே நோய்தான். ஆக, வெற்றிக் கதையை நாம் ஒரு பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கத் தொடங்குகிறோம். கதை சொல்லும் கோரஸின் குரல் நடிகர் ஜான் ஹர்ட்டுடையது. கரகரத்த, கொஞ்சம் களைத்த குரல். ஆளைக் காட்டுவதில்லை. அது யாருடைய குரல் என்பதை ஷாராக் கடைசி நிமிடம்வரை பதுக்கி வைத்திருக்கிறார்.

அதற்கு வருமுன் அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாடகத்தில் அவனுக்குப் பெயர் கிடையாது. 'பையன்' என்றுதான் அச்சிட்டிருக்கும். ஃபால்ஸ்டாஃப் என்கிற குண்டுக் கிழவனின் எடுபிடி. அவனை அந்தக் கிழவனிடம் சேர்த்துவிட்டதே, இளவரசனாக ஊர் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில் இதே ஹென்றிதான். 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் அவனே சொல்கிறான். ஹென்றி அரசனானதும் பழைய குடித்தோழன் ஃபால்ஸ்டாஃபைத் தெரியாது என்று ஒதுக்குகிறான். கிழவன் செத்துப்போகிறான். பையன், மிச்சமிருக்கும் மூன்று வெத்துவேட்டுகளோடு பிரான்சுக்குப் போருக்குப் போகிறான். பிஸ்டல், நிம், பார்டால்ஃப். 'இந்த மூணு கோமாளிகளைச் சேர்த்தாலும் ஓர் ஆம்பளை தேறாது' என்று அவனே நம்மிடம் சொல்கிறான். அரசன் ஹார்ஃப்ளரில் வீர முழக்கம் செய்து முடித்த சூட்டிலேயே பையன் சொல்வது இது: லண்டனில் ஒரு சாராயக் கடையில் இருந்தால் தேவலை, ஒரு குவளை பீருக்கும் உயிர்ப் பாதுகாப்புக்கும் என் புகழ் அத்தனையையும் கொடுத்துவிடுவேன். முழு நாடகத்திலும் எனக்குப் பிடித்த வரி இதுதான். போட்டிக்கு இதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், கத்தவும் தேவையிருந்திருக்காது.

அவன் பிரெஞ்சும் கற்றுக்கொண்டுவிடுகிறான். போர் நடுவில் பிஸ்டல் ஒரு பிரெஞ்சுப் பிரபுவைப் பிடித்துவிடுகிறான். இவன் பேசுவது அவனுக்குப் புரியாது, அவன் பேசுவது இவனுக்குப் புரியாது. பையன்தான் மொழிபெயர்ப்பாளன். பேரம் இருநூறு கிரவுன் காசில் முடிகிறது, கைதி தப்பிக்கிறான். சிரிப்புக் காட்சி போலத்தான் இருக்கும். ஆனால் அன்றைய போரின் பொருளாதாரமே இந்தக் காட்சியில் இருக்கிறது: உயிரோடு பிடித்த பிரபு ஒவ்வொருவனும் பணம். அவனை விட்டுவிட வீட்டார் பணம் அனுப்புவார்கள். சாதாரண வீரன் ஊருக்குக் கொண்டுபோகக்கூடிய ஒரே பெரிய சொத்து அது.

காட்சி முடிவில் பையன் தனியாக நின்று சொல்கிறான்: நான் போய்ச் சாமான்களுக்குக் காவல் இருக்க வேண்டும். பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் தெரிந்தால் நாங்கள் நல்ல வேட்டை. ஏனென்றால் அங்கே காவலுக்குச் சின்னப் பையன்களைத் தவிர ஒருவரும் இல்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் குரல் நாடகத்தில் இல்லை.

அப்புறம் நடப்பதை மெதுவாகப் படிக்க வேண்டும். அரசனின் உறவினனான யார்க் கோமகன் செத்த செய்தியை எக்சிட்டர் என்கிற பிரபு வந்து சொல்கிறான். அரசன் கண் கலங்குகிறான். எங்கோ புதிதாக ஓர் எக்காளம். பிரெஞ்சுப் படை மறுபடி திரள்கிறது என்று நினைத்து, 'அப்படியானால் ஒவ்வொரு வீரனும் தன் கைதியைக் கொல்லட்டும்' என்கிறான். ஒரே வரி. காட்சி முடிந்தது. அடுத்த காட்சியில்தான் சாமான் காவலில் இருந்த பையன்களைப் பிரெஞ்சுக்காரர்கள் கொன்றுவிட்டது தெரியவருகிறது. உடனே கவர் என்கிற தளபதி சொல்கிறான்: அதனால்தான் அரசர் கைதிகளின் கழுத்தை அறுக்கச் சொன்னார், மிகச் சரியாகச் செய்தார், எப்பேர்ப்பட்ட அரசர்!

'அதனால்தான்' என்பது பொய். ஆணை முன்னால் போய்விட்டது. செய்தி பின்னால் வந்தது. கவர் பொய்யன் இல்லை, நல்ல மனுஷன். தன் அரசன் காரணமில்லாமல் அப்படிச் செய்யமாட்டான் என்று நம்புகிறான், காரணம் கண்ணெதிரே கிடக்கிறது, எடுத்துப் பொருத்திவிட்டான். எல்லாப் போருக்குப் பின்னாலும் இப்படித்தான் வரலாறு எழுதப்படுகிறது என்று ஒரு கட்டுரையில் யாராவது எழுதினால் நான் நம்பமாட்டேன். இந்த இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்ததால் நம்புகிறேன். அதோடு பக்கத்திலேயே ஃப்ளூயெல்லன் என்கிற இன்னொரு தளபதி வேறு நின்று, நம் அரசரை 'அலெக்ஸாண்டர் தி பிக்'கோடு ஒப்பிடுகிறான். வேல்ஸ்காரன், பெரியவன் என்பதற்கான 'big' அவன் வாயில் 'pig', அதாவது பன்றியாகிவிடுகிறது. தமிழில் எழுதும்போது இந்த நகைச்சுவையே மறைந்துபோகிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'பி'தான்.

கைதிகளைக் கொல்லும் ஆணை ஷேக்ஸ்பியரின் கற்பனை இல்லை. 1415 அக்டோபர் 25, அஜின்கோர் போர் நாளன்று அது நிஜமாகவே நடந்தது. பிடித்தவர்கள் தங்கள் கைதிகளைக் கொல்லத் தயங்கியதால் அரசன் ஒரு தனிப் படைப்பிரிவு வில்லாளிகளிடம் அந்த வேலையை ஒப்படைத்ததாகக் காலக்குறிப்புகள் சொல்கின்றன. தயக்கத்துக்குக் கருணை மட்டும் காரணமாக இருந்திருக்காது. பிஸ்டலின் இருநூறு கிரவுனை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 'ஐந்தாம் ஹென்றி' படம் எப்படிப்பட்டது என்று தெரிய எனக்கு இந்த ஓர் இடம் போதும். ஒலிவியே அந்த வரியை வெட்டிவிட்டார். நார்மண்டிக் கடற்கரையில் இங்கிலாந்தின் பையன்கள் இறங்கிக்கொண்டிருந்த வருடம் அது. படத்தையே கமாண்டோக்களுக்கும் விமானத்திலிருந்து களத்தில் இறங்கும் வான்வழித் துருப்புகளுக்கும் காணிக்கையாக்கியிருந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். பிரானாவும் வெட்டிவிட்டார். ஆனால் பையன்கள் சாவதை மட்டும் வைத்துக்கொண்டார். செத்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு அரசன் போர்க்களம் முழுக்க நடக்கும் அந்த நீண்ட ஷாட், பின்னால் எழும் கூட்டுப் பாடல். பையனாக நடித்தது பிற்காலத்தில் பேட்மேனான கிறிஸ்டியன் பேல். அழுதிருக்கிறேன். ஆனாலும் கணக்கைப் பாருங்கள்: அரசன் செய்த கொலை படத்தில் இல்லை, எதிரி செய்த கொலை நாலு நிமிடம்.

ஷாராக் அந்த ஆணையை விடவில்லை. அதற்காகவே அவருக்கு மரியாதை. ஆனால் அதை அவர் வைத்திருக்கும் விதத்தில்தான் என் மனத்தாங்கல். நாடகத்தில் யார்க்குக்கு வாய் திறக்க வாய்ப்பே ஒரு தடவைதான்: முன்னணிப் படையை நடத்தும் பொறுப்பை முழங்காலிட்டுக் கேட்கிறான், அவ்வளவே. படத்தில் பேட்டர்சன் ஜோசப் அந்தப் பாத்திரத்தை ஒரு முழு மனிதனாக வளர்க்கிறார். அரசனுக்குப் பக்கத்தில் எப்போதும் அந்த முகம் இருக்கிறது. அவன் சாவை நாம் நேரில் பார்க்கிறோம். கைதிகளைக் கொல்லும் ஆணை அந்தத் துக்கத்திலிருந்தும் கோபத்திலிருந்தும் பிறக்கிறது. ஹிடில்ஸ்டனின் கண்களில் அந்த மாற்றம் அருமையாக வருகிறது. அதுதான் பிரச்சினையும். நாடகத்தின் ஹென்றி எக்காளச் சத்தம் கேட்டுக் கணக்குப் போட்டான்: காவலுக்கு ஆள் இல்லை, கைதிகள் திரும்பி அடித்தால் கதை முடிந்தது, கொல். படத்தின் ஹென்றி நண்பனை இழந்த மனிதன். முகத்தை நம்பி எடுத்த படம் முகத்துக்கே பலியாகிவிட்டது என்று சொல்லலாம். அண்மைக் காட்சியில் துக்கம் தெரியும். கணக்குத் தெரியாது.

சரி, பையன்? படத்தில் பையன் சாவதில்லை.

முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கோபமே வந்தது. என்ன இது, நாடகத்தின் மிகக் கொடூரமான சாவைத் தூக்கிவிட்டு, தொலைக்காட்சி பார்க்கும் குடும்பங்களுக்காகப் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டார்களா என்று. கடைசியில் மறுபடி அரசனின் சவ அடக்கத்துக்கு வருகிறோம். கூட்டத்தில் பையன் நிற்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் இருந்த இடத்தில் ஜான் ஹர்ட். நரைத்த தாடி, ஈரக் கண்கள். இத்தனை நேரம் கதை சொன்னது அவன்தான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து நாடகத்தை எடுத்துக் கோரஸ் பேசும் இடங்களை மட்டும் படித்தேன். இந்தக் கோரஸைப் பற்றி விமர்சகர்கள் பல காலமாக ஒன்று சொல்வதுண்டு: அவன் சொல்வதும் மேடையில் நடப்பதும் ஒத்துப்போவதில்லை. போருக்கு முந்தின இரவைப் பாருங்கள். அரசன் கூடாரம் கூடாரமாகப் போய்ச் சிரித்த முகத்தோடு வீரர்களைத் 'தம்பிகளே, நண்பர்களே' என்று கூப்பிட்டான், வெளிறிப்போனவர்கள் எல்லாரும் அவன் பார்வையில் தெம்படைந்தார்கள் என்கிறான் கோரஸ். அடுத்து மேடையில் நாம் பார்ப்பது, இரவல் மேலங்கியில் முகத்தை மறைத்துக்கொண்டு நடக்கும் ஓர் அரசனை. அவனால் ஒருவரும் தெம்படையவில்லை. வில்லியம்ஸ் என்கிற சாதாரண வீரன் அவனிடம், 'இந்தப் போருக்கான காரணம் நியாயமானதாக இல்லையென்றால், வெட்டுப்பட்ட காலும் கையும் தலையும் எல்லாம் கடைசி நாளில் ஒன்றுகூடி, இன்ன இடத்தில் செத்தோம் என்று கத்துமே, அரசன் என்ன கணக்குச் சொல்வான்?' என்று கேட்கிறான். அரசன் சுற்றி வளைத்து நிறையப் பேசுகிறான். காரணம் நியாயமா என்பதற்கு மட்டும் பதில் இல்லை. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு, விடிந்ததும் பார்த்துக்கொள்வோம் என்று பிரிகிறார்கள். தம்பிகளே, நண்பர்களே!

கோரஸ் அந்தப் பையனாக இருந்தால் இந்த ஓட்டை அடைபடுகிறது. கிழவனாகிவிட்டவன் தன் சின்ன வயதுப் போரைச் சொல்கிறான். அப்படிச் சொல்பவர்கள் எல்லாருக்கும் அரசன் சிரித்த முகத்தோடு கூடாரத்துக்கு வந்திருப்பான். நாடகத்தின் முடிவில் கோரஸ் சொல்லும் நாலு வரி மட்டும் கசப்பு: அடுத்துப் பட்டத்துக்கு வந்தது கைக்குழந்தை, அவன் பெயரில் ஆட்சி செய்தவர்கள் அதிகம், பிரான்சைத் தொலைத்தார்கள், இங்கிலாந்தையும் ரத்தம் சிந்த வைத்தார்கள். அதை ஹர்ட் சொல்லும்போது, இதற்கா என்று அந்த முகம் கேட்பதுபோல இருந்தது. குடிக்க ஒரு குவளை பீரும் உயிரும் கேட்டவனுக்கு இரண்டும் கிடைத்தன. கிடைத்ததற்குக் கூலியாக வாழ்நாள் முழுக்க இந்தக் கதையைச் சொல்கிறான். பையனைக் காப்பாற்றியதற்காக ஷாராக்கை அன்றிரவு பாதி மன்னித்தேன். பாதிதான். அவன் பிழைத்ததால் கவரின் 'அதனால்தான்' படத்திலிருந்தே போய்விட்டது, அதை என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை.

போன கோடை விடுமுறையில் அக்கா மகன் வந்திருந்தான். ஏழாம் வகுப்பு முடித்திருந்தான். மார்வெல் படங்களில் லோக்கியாக நடித்தவர் ராஜாவாக நடித்த படம் என்று சொல்லித்தான் உட்கார வைத்தேன். வேறு எதற்கும் மசியவில்லை. ஆங்கிலம் பாதிக்கு மேல் புரியவில்லை. நடுநடுவே நிறுத்தி நான் கதை சொன்னேன். அம்பு விடும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிரெஞ்சு இளவரசி தன் தோழியிடம் கை, விரல், நகம், முழங்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலம் கேட்டுக் கற்றுக்கொண்டு முழங்கையைக் குதறும் காட்சியில் விழுந்து விழுந்து சிரித்தான். போர் முடிந்து செத்தவர்கள் பட்டியலை அரசன் படிக்கும் இடம் வந்ததும் நிறுத்தி விளக்கினேன். பிரெஞ்சு தரப்பில் பத்தாயிரம் பேர். ஆங்கிலத் தரப்பில் யார்க் கோமகன், சஃபோக் பிரபு, சர் ரிச்சர்ட் கெட்லி, டேவி காம். பெயருள்ளவர்கள் வேறு யாருமில்லை. மற்றவர்கள் இருபத்தைந்து பேர்.

"அது நெஜமா மாமா? வெறும் இருபத்தொம்போதுதானா?"

"இல்லடா. நாடகக் கணக்கு அது. நிஜத்துல அதைவிட நிறைய."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். படம் முடிந்து எழுத்து ஓடும்போது ஒவ்வொரு பெயராக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா தேடற?"

"அந்தப் பையனோட பேரு, மாமா. கடேசில தாத்தா ஆவான்ல, அவன். போடவே மாட்டேங்கறாங்க."

"நடிச்சவர் பேரா?"

"அது போட்டுட்டாங்க. பக்கத்துல 'பாய்'னு மட்டும் போட்டிருக்கு. கதைல அவன் பேரு என்ன?"